உளவியற் பரிசோதனைகளின் வலிதுடைமையும் பொதுமையாக்கமும்: மாஷ்மலோப் பரிசோதனையை ஆதாரமாகக் கொண்ட ஒரு நோக்கு

முன்னுரை

1879 ஆம் ஆண்டில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் தமது ஆய்வுகூடத்தை நிறுவியமையை, உளவியல் ஒரு தனி விஞ்ஞானமாகத் தோற்றம் பெற்றமையின் அடையாளமாகக் கொள்வது மரபு. மெய்யியலின் ஒரு கிளையாக விளங்கிய உளவியல் அன்று தொட்டுப் பரிசோதனையைத் தனது பிரதான முறைகளுள் ஒன்றாக வரித்துக்கொண்டது. இயற்கை விஞ்ஞானங்கள் அடைந்த வெற்றியே இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. ஆனால் அம்முறையைக் கைக்கொண்டபோது, இயற்கை விஞ்ஞானங்களில் அத்துணை கூர்மையாக எழாத ஒரு வினாவையும் உளவியல் எதிர்கொள்ள நேர்ந்தது. பௌதிகவியலாளர் தமது ஆய்வுகூடத்தில் ஒரு செப்புக் கம்பியை வெப்பமேற்றிப் பெறும் முடிவை எல்லாச் செம்புக்கும் உரியதாகக் கூறுகின்றார்; அதனை எவரும் மறுப்பதில்லை. உளவியலாளர் முப்பது சிறுவரைக் கொண்டு பெறும் முடிவை எல்லாச் சிறுவருக்கும் உரியதாகக் கூறும்போது அதே உரிமை அவருக்கு உண்டா?

இவ்வினா வெறும் முறையியல் நுணுக்கம் பற்றியதன்று. உளவியற் பரிசோதனைகளின் முடிவுகள் ஆய்வேடுகளுடன் நின்றுவிடுவதில்லை. அவை ஆசிரியர் பயிற்சி நூல்களுக்கும், பெற்றோருக்கான அறிவுரைகளுக்கும், அரச கொள்கைகளுக்கும் சென்று சேருகின்றன. வறிய வீட்டுப் பிள்ளை கல்வியில் ஏன் பின்தங்குகின்றது என்ற வினாவுக்கு, அதன் வீட்டு நிலைமையை விடையாகக் கூறுவதா, அதன் மனவலிமைக் குறைவை விடையாகக் கூறுவதா என்பது இத்தகைய முடிவுகளைக் கொண்டே பல வேளைகளில் தீர்மானிக்கப்படுகின்றது. எனவே ஒரு பரிசோதனையின் முடிவு எதுவரை செல்லும், எவ்விடத்தில் நிற்கும் என அறிவது சமூகப் பொறுப்புடைய வாசகர் அனைவருக்கும் வேண்டுவதாகும்.

இக்கட்டுரையில், உலகப் புகழ்பெற்ற ஒரு தொடர் ஆய்வை எடுத்துக்கொண்டு, வலிதுடைமை, பொதுமையாக்கம் ஆகிய இரு எண்ணக்கருக்களையும் விளக்க முயல்வோம். ‘மாஷ்மலோப் பரிசோதனை’ எனப் பரவலாக அறியப்படும் ஆய்வே அதுவாகும்.

வலிதுடைமையின் வகைகள்

பரிசோதனை ஒன்றின் வலிதுடைமையை அகவலிதுடைமை, புறவலிதுடைமை என இரண்டாகப் பிரித்து நோக்கும் வழக்கத்தை 1957 இல் தொடக்கி வைத்தவர் அமெரிக்க உளவியலாளரான டொனால்ட் கம்பெல் ஆவார். 1963 இல் ஜூலியன் ஸ்ரான்லியுடன் இணைந்து அவர் இதனை விரிவுபடுத்தினார். 1979 இல் தோமஸ் குக்குடன் சேர்ந்து எழுதிய நூலில் இவ்விரண்டும் நான்காக விரிந்தன. அந்நான்கையும் நான்கு வினாக்களாகக் கூறலாம்.

முதலாவது, பெறப்பட்ட வேறுபாடு அல்லது தொடர்பு உண்மையில் உள்ளதா, அன்றித் தற்செயலாகத் தோன்றியதா என்பது. இது புள்ளிவிபர முடிவின் வலிதுடைமை. இரண்டாவது, அவ்வேறுபாட்டை நாம் மாற்றியமைத்த காரணிதான் ஏற்படுத்தியதா, வேறொரு காரணி ஏற்படுத்தியதா என்பது. இது அகவலிதுடைமை. மூன்றாவது, நாம் அளந்ததாகக் கூறும் பொருளைத்தான் உண்மையில் அளந்தோமா என்பது. இது எண்ணக்கரு வலிதுடைமை. நான்காவது, இம்முடிவு வேறு மாந்தருக்கும், வேறு இடங்களுக்கும், வேறு காலங்களுக்கும் பொருந்துமா என்பது. இது புறவலிதுடைமை. பொதுமையாக்கம் எனச் சாதாரணமாகக் கூறப்படுவது இந்நான்காவதையே.

இவ்விடத்தில் பயில்வோர் அடிக்கடி மயங்கும் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ‘எழுமாற்று’ என்ற சொல் பரிசோதனை முறையில் இரு வேறு செயல்களைக் குறிக்கின்றது. ஒரு பாடசாலையில் அறுபது மாணவர் உள்ளனர் எனக் கொள்வோம். நாணயத்தைச் சுண்டி அவர்களுள் ஒவ்வொருவரையும் புதிய கற்பித்தல் முறைக்கோ பழைய முறைக்கோ ஒதுக்கினால், அது எழுமாற்று ஒதுக்கீடு. இவ்வாறு செய்யும்போது இரு குழுக்களும் ஏனைய எல்லா வகையிலும் ஏறத்தாழ ஒத்திருக்கும் என எதிர்பார்க்கலாம். ஆதலின் பின்னர் தோன்றும் வேறுபாட்டைக் கற்பித்தல் முறையின் விளைவெனத் துணிந்து கூறலாம். இது அகவலிதுடைமைக்கு அரண் செய்கின்றது. ஆனால் அந்த அறுபது பேரும் எங்கிருந்து வந்தவர்கள்? நாடு முழுவதிலுமுள்ள மாணவரிலிருந்து சமவாய்ப்புடன் தெரியப்பட்டிருந்தால் அது எழுமாற்று மாதிரி. ஒரே பாடசாலையிற் கிடைத்தவர்களே அவர்களென்றால், முடிவு அப்பாடசாலைக்கு அப்பால் செல்லும் என்பதற்கு நாணயம் எவ்வகை உத்தரவாதமும் தருவதில்லை. உளவியற் பரிசோதனைகளிற் பெரும்பாலானவை முதலாவதைச் செய்கின்றன. இரண்டாவதைச் செய்வன மிகச் சில. அகவலிதுடைமையில் உறுதியாகவுள்ள பரிசோதனை புறவலிதுடைமையில் வலுவற்றிருத்தல் இதனாலேயே கூடுவதாகின்றது.

பரிசோதனை தோன்றிய விதம்

வோல்ற்றர் மிஷல் 1930 இல் வியன்னாவிற் பிறந்தவர். நாசிகளின் ஆக்கிரமிப்பின் பின்னர் குடும்பத்துடன் ஐக்கிய அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவர். வெகுமதியைப் பிற்போடும் ஆற்றல் பற்றிய அவரது தொடக்க ஆய்வுகள் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான திரினிடாட்டில் நிகழ்ந்தன. அங்கு வாழ்ந்த ஆபிரிக்க வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கொண்டிருந்த கருத்துகள் அவரது கவனத்தை ஈர்த்தன. முன்னையோர் இன்றைய இன்பத்தையே நாடுவர் என்றும், பின்னையோர் நாளைக்கெனச் சேர்த்து வைப்பர் என்றும் கூறப்பட்டது. கிராமப் பாடசாலையொன்றின் சிறுவரிடம், உடனே ஒரு சிறு இனிப்பு வேண்டுமா, ஒரு கிழமை கழித்துப் பெரிய இனிப்பு வேண்டுமா என மிஷல் வினவினார். 1958 இல் வெளியான இவ்வாய்வில் இன வேறுபாடு ஒன்று தென்பட்டது. எனினும் தந்தை வீட்டில் இருந்தாரா என்பதும் சிறுவரது தெரிவுடன் தொடர்புற்றிருந்தது. வாக்குறுதி அளிக்கும் ஆடவர் அதனை நிறைவேற்றுவர் என்ற அனுபவம் இல்லாத பிள்ளை, முன்பின் அறியாத ஒருவர் அடுத்த கிழமை இனிப்புடன் வருவார் என எவ்வாறு நம்பும் எனப் பிற்காலத்தில் மிஷலே இதனை விளக்கினார். நம்பிக்கை பற்றிய இக்குறிப்பை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் இதற்கு மீள்வோம்.

1960 களின் பிற்பகுதியிலும் 1970 களின் முற்பகுதியிலும் கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்ட்போட் பல்கலைக்கழகத்தின் பிங் முன்பள்ளியில் மிஷலும் அவரது மாணவரும் நடத்திய ஆய்வுகளே புகழ்பெற்றவை. நான்கு வயதை அண்மிய பிள்ளையொன்று சிறிய அறையொன்றில் தனியே அமர்த்தப்படும். ஆய்வாளர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் பிள்ளை தான் பெரிதும் விரும்பும் பண்டத்தைப் பெறலாம். காத்திருக்க இயலாவிடின் குறிப்பிட்ட சைகையால் அவரை உடனே அழைக்கலாம்; ஆனால் விருப்பங் குறைந்த பண்டமே கிடைக்கும். சில பரிசோதனைகளில் ஒரு மாஷ்மலோவா இரண்டா என்பதே தெரிவாயிருந்தது. சீனியாற் செய்யப்படும் அம்மென்மையான இனிப்பின் பெயரே பின்னர் எல்லா ஆய்வுகளுக்கும் பெயராக நிலைத்தது.

மிஷலும் எபெசனும் 1970 இல் வெளியிட்ட ஆய்வில் 32 பிள்ளைகள் பங்குபற்றினர். காத்திருக்கும் உச்ச நேரம் 15 நிமிடங்கள். இரு பண்டங்களும் கண்ணெதிரே வைக்கப்பட்ட பிள்ளைகள் சராசரியாக ஏறத்தாழ ஒரு நிமிடமே காத்திருந்தனர். இரண்டும் மறைக்கப்பட்ட பிள்ளைகளோ சராசரியாகப் பதினொரு நிமிடங்களுக்கு மேல் காத்திருந்தனர். வெகுமதியைப் பார்த்துக்கொண்டிருத்தல் காத்திருப்பை எளிதாக்கும் என்பதே ஆய்வாளரின் எதிர்பார்ப்பு. முடிவு அதற்கு நேர்மாறாக அமைந்தது. 1972 இல் வெளியான அடுத்த ஆய்வு, இனிப்பை நினையாது வேறு இன்பமான விடயங்களை நினைக்குமாறு பிள்ளைகளுக்குக் கூறினால், இனிப்பு முன்னே இருந்தாலும் அவர்கள் நெடுநேரம் காத்திருப்பர் எனக் காட்டியது.

இவை பரிசோதனைகள் என்ற பெயருக்கு முற்றிலும் உரியவை. பிள்ளைகள் எழுமாற்றாக நிலைமைகளுக்கு ஒதுக்கப்பட்டனர். மாற்றப்பட்டது கவனத்தின் நிலை. அளக்கப்பட்டது காத்திருந்த நேரம். பெறப்பட்ட முடிவோ, காத்திருக்கும் ஆற்றல் பிள்ளையின் மாறாத இயல்பன்று, நிலைமையை மாற்றினால் அதுவும் மாறும் என்பதாகும். பிற்காலத்தில் இப்பரிசோதனையின் பெயரால் உலகெங்கும் பரவிய கருத்து இதற்கு ஏறத்தாழ எதிரானது என்பதை நோக்குவது பயனுடையது.

பரிசோதனையிலிருந்து எதிர்வுகூறலுக்கு

மிஷலின் புதல்வியரும் அதே முன்பள்ளியிற் பயின்றவர்கள். அவர்களது தோழர் பிற்காலத்தில் எவ்வாறு இருக்கின்றனர் என வீட்டில் உரையாடியபோது, அன்று காத்திருந்த நேரத்துக்கும் இன்றைய நிலைக்கும் தொடர்பிருத்தல் கூடும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. முன்பு பங்குபற்றிய 500 இற்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெற்றோரைத் தேடிக் கடிதங்கள் அனுப்பப்பட்டன. 1990 இல் யூயிச்சி ஷோடா, பிலிப் பீக் ஆகியோருடன் இணைந்து மிஷல் வெளியிட்ட ஆய்வு, நெடுநேரம் காத்திருந்த பிள்ளைகள் இளைஞராகியபோது பல்கலைக்கழக அனுமதிக்கான பரீட்சையிற் கூடிய புள்ளிகள் பெற்றனர் என அறிவித்தது.

இந்நிலையில் ஆய்வின் தன்மையே மாறிவிட்டது. இது பரிசோதனையன்று; இரு அளவீடுகளுக்கிடையிலான இணைபு பற்றிய ஆய்வு. எந்தப் பிள்ளை நெடுநேரம் காத்திருப்பது என்பதை எவரும் நாணயம் சுண்டித் தீர்மானிக்கவில்லை. ஆகவே முன்னைய பரிசோதனையின் அகவலிதுடைமை இதற்குக் கைமாறவில்லை. அதே அறையும் அதே இனிப்பும் இரண்டிலும் இடம்பெற்றமையால், ஒன்றின் வலிமை மற்றொன்றுக்கும் உண்டென்ற மயக்கமே எஞ்சியது.

எண்ணிக்கையையும் நோக்குவோம். 1990 ஆம் ஆண்டு ஆய்வில் பரீட்சைப் புள்ளிகளுடன் குறிப்பிடத்தக்க இணைபு காணப்பட்டது ஒரேயொரு நிலைமையில் மட்டுமே. இனிப்பு கண்ணெதிரே இருக்க, எவ்வகை உத்தியும் கற்பிக்கப்படாத பிள்ளைகளே அந்நிலைமைக்குரியோர். அவர்களுட் புள்ளிகள் கிடைத்தோர் 35 பேர். கணிதப் பகுதியுடன் பெறப்பட்ட இணைபுக் குணகம் 0.57. முப்பத்தைந்து பேரை மட்டும் கொண்டு பெற்ற இக்குணகத்துக்கு 95 வீத நம்பிக்கை எல்லைகளைக் கணித்தால், உண்மைப் பெறுமானம் 0.29 இலிருந்து 0.76 வரை எங்கும் இருத்தல் கூடும் எனப் பெறப்படும். மிதமான தொடர்பென்பதற்கும் மிக வலுவான தொடர்பென்பதற்கும் இடையிலான முழுத் தூரமும் இவ்வெல்லைக்குள் அடங்கிவிடுகின்றது. மாதிரி சிறியது, முடிவை எச்சரிக்கையுடன் கொள்ளுதல் வேண்டும் என ஆய்வாளரே தமது கட்டுரையிற் குறிப்பிட்டிருந்தனர்.

அவ்வெச்சரிக்கை அக்கட்டுரையுடனேயே நின்றுவிட்டது. 1995 இல் டானியல் கோல்மன் மனவெழுச்சி நுண்ணறிவு பற்றி எழுதிய நூல் இவ்வாய்வைப் பல இலட்சம் வாசகரிடம் கொண்டு சென்றது. அமெரிக்கப் பாடசாலைகள் சிலவற்றில் தன்னடக்கத்தைப் பாடமாகக் கற்பித்தனர். மாஷ்மலோவை உண்ணாதே என்ற வாசகம் பொறித்த மேற்சட்டைகளும் மாணவருக்கு வழங்கப்பட்டன. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியரதும் பட்டப்பின் மாணவரதும் பிள்ளைகளைப் பெரும்பாலும் கொண்ட ஒரு முன்பள்ளியின் முடிவு, நகர்ப்புற வறிய சிறுவருக்கான அறிவுரையாக மாறியது. இம்மாற்றத்துக்கு ஆதாரமாக எந்தப் பரிசோதனையும் நடைபெறவில்லை.

மீள்பரிசீலனை

டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவோனன் குவான் ஆகியோர் 2018 இல் வெளியிட்ட ஆய்வு இக்குறையை நிவர்த்தி செய்ய முற்பட்டது. அமெரிக்காவின் பல பகுதிகளிற் பிறப்பிலிருந்து தொடரப்பட்ட பிள்ளைகளின் தரவுகளிலிருந்து 918 பேரை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவர்களுள் 552 பேரின் தாய்மார் பட்டப்படிப்பை நிறைவு செய்யாதவர்கள். ஆய்வாளர் இவர்கள்மீதே சிறப்பாகக் கவனஞ் செலுத்தினர். நான்கரை வயதிற் காத்திருந்த நேரத்துக்கும் 15 வயதிற் கல்வியில் அடைந்த நிலைக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அது முன்னைய ஆய்வு காட்டியதில் ஏறத்தாழப் பாதியளவே. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், பிள்ளையின் தொடக்க அறிவாற்றல் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தபோது அதுவும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறுகியது. அதாவது, காத்திருப்பும் பிற்காலத் தேர்ச்சியும் பெருமளவுக்கு ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அவ்வேர் பிள்ளை பிறந்து வளர்ந்த சூழலிலும் அதன் தொடக்கக் கற்றலிலும் உள்ளது.

இம்முடிவே இறுதியானது எனக் கொள்ளுதல் பொருந்தாது. 2020 இல் இதற்கு மறுப்புகளும் வெளியாயின. அறிவாற்றலும் வீட்டுச் சூழலும் காத்திருக்கும் ஆற்றலை உருவாக்கும் கூறுகளென்றால், அவற்றைப் புள்ளிவிபர முறையால் நீக்குதல், அளக்க விரும்பிய பொருளையே நீக்குவதாகும் என மறுத்தோர் வாதிட்டனர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரு மாறியைக் கட்டுப்படுத்துதல் எப்பொழுதும் உண்மையை வெளிக்கொணரும் என்ற எளிய நம்பிக்கைக்கு இது நல்லதொரு எச்சரிக்கை. ஆயினும் இவ்வாதத்தை ஏற்போரும், பிள்ளையின் மனவலிமையை அதன் சூழலிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே பயிற்றினால் எதிர்காலம் மாறும் எனக் கூறும் உரிமையைப் பெறுவதில்லை. ஒன்றிலொன்று பிணைந்தவை என்பதே அவர்களது வாதமாதலின், அவர்கள் மேலும் எச்சரிக்கையுடன் பேசக் கடமைப்பட்டவர்களாகின்றனர்.

அதே 2020 இல், பிங் முன்பள்ளியில் அன்று பங்குபற்றியோருள் 113 பேரை நடுத்தர வயதில் ஆராய்ந்த கட்டுரையொன்று வெளியாயிற்று. 2018 இற் காலமான மிஷலும் அதன் ஆசிரியருள் ஒருவர். முன்பள்ளியிற் காத்திருந்த நேரம் மட்டும், நடுத்தர வயதில் அவர்கள் சேர்த்த செல்வத்தையோ பொருளாதார நிலையையோ எதிர்வுகூறவில்லை. வாழ்வின் பல கட்டங்களில் திரட்டப்பட்ட தன்னொழுங்கு பற்றிய அளவீடுகளுக்கே அத்தகைய தொடர்பு இருந்தது. 2024 இல் வெளியான மற்றொரு ஆய்வு 702 பேரை 26 ஆவது வயதில் நோக்கி, மாஷ்மலோப் பரிசோதனை வளர்ந்தோரின் வாழ்வு நிலையை நம்பகமாக எதிர்வுகூறவில்லை என முடிவு செய்தது.

அளக்கப்பட்டது யாது?

இதுவரை நோக்கியவை, காத்திருந்த நேரம் தன்னடக்கத்தின் அளவீடு என்பதை ஏற்றுக்கொண்டே எழுந்த வினாக்கள். அதனையே ஐயுறுவோமாயின் எண்ணக்கரு வலிதுடைமை பற்றிய வினா எழுகின்றது.

செலெஸ்ற் கிட்டும் அவரது சகாக்களும் 2013 இல் வெளியிட்ட சிறிய பரிசோதனை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான 28 பிள்ளைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இனிப்பைக் காட்டுமுன்னர், சித்திரம் வரைவதற்கு மேலும் நல்ல பொருள்களைக் கொண்டு வருவதாக ஆய்வாளர் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாக்களித்தார். ஒரு குழுவுக்கு அவர் வாக்களித்தவாறே கொண்டு வந்தார். மற்றக் குழுவிடம் வெறுங்கையுடன் திரும்பி, தாம் தவறாகக் கூறிவிட்டதாகத் தெரிவித்தார். பின்னரே மாஷ்மலோ வைக்கப்பட்டது. வாக்குறுதி காக்கப்பட்ட 14 பிள்ளைகளுள் 9 பேர் பதினைந்து நிமிடங்களும் காத்திருந்தனர். வாக்குறுதி மீறப்பட்ட 14 பிள்ளைகளுள் அவ்வாறு காத்திருந்தவர் ஒருவரே. சராசரிக் காத்திருப்பு முறையே ஏறத்தாழ 12 நிமிடங்களும் 3 நிமிடங்களும் ஆகும்.

ஒதுக்கீடு எழுமாற்றாக நிகழ்ந்தமையால், இரண்டாவது குழுவினர் இயல்பிலேயே அடக்கமற்றவர்கள் எனக் கூற இடமில்லை. சில நிமிட அனுபவமே அவர்களது நடத்தையை மாற்றிற்று. வராத பொருளுக்காகக் காத்திராமை அறிவுக்கு ஒத்த செயலேயன்றி மனவலிமைக் குறைவன்று. சில நிமிடங்களில் மீறப்பட்ட ஒரு வாக்குறுதி இத்துணை வேறுபாட்டை விளைவிக்குமாயின், வாக்குறுதிகள் நாள்தோறும் மீறப்படும் வறுமையில் வளரும் பிள்ளையின் நடத்தையை நாம் எந்தப் பெயரால் அழைப்பது? திரினிடாட்டில் 1958 இல் தென்பட்ட நம்பிக்கை பற்றிய குறிப்பு இவ்விடத்தில் மீண்டும் தோன்றுகின்றது. இடைப்பட்ட காலத்தில் அக்குறிப்பு முற்றாக மறக்கப்பட்டதெனல் மிகையாகலாம். ஆனால் மக்களிடையே பரவிய கதையில் அதற்கு இடமிருக்கவில்லை.

பண்பாடும் இவ்வளவீட்டினுள் நுழைகின்றது. பெற்றினா லாமும் சகாக்களும் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், ஜேர்மனியின் மத்தியதர வகுப்புப் பிள்ளைகளும், ஆபிரிக்க நாடான கமரூனைச் சேர்ந்த ந்சோ விவசாயிகளின் பிள்ளைகளும் நான்கு வயதில் ஒப்பிடப்பட்டனர். ஜேர்மன் பிள்ளைகளுள் இறுதிவரை காத்திருந்தோர் 28 வீதத்தினர். ந்சோப் பிள்ளைகளுள் ஏறத்தாழ 70 வீதத்தினர். ஜேர்மன் பிள்ளைகள் பாடியும் எழுந்து திரிந்தும் காத்திருந்தனர். ந்சோப் பிள்ளைகள் பெரும்பாலும் அசையாது அமர்ந்திருந்தனர். சிலர் உறங்கியும் விட்டனர். காத்திருந்த நேரமே எதிர்கால வெற்றியின் அளவுகோலென்றால், பொருளாதார வளம் எந்நாட்டில் இருத்தல் வேண்டும் என வாசகரே சிந்திக்கலாம்.

2022 இல் யனவோக்காவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் நுணுக்கமாகக் காட்டிற்று. யப்பானியப் பிள்ளைகள் உணவுக்காக நெடுநேரம் காத்திருந்தனர். பொதியிட்ட பரிசைத் திறப்பதற்காக அத்துணை நேரம் காத்திருக்கவில்லை. அமெரிக்கப் பிள்ளைகள் இதற்கு மாறாக, பரிசுக்காகக் காத்திருந்தனர், உணவுக்காகக் காத்திருக்கவில்லை. எல்லோருக்கும் பரிமாறும் வரை உண்ணாதிருத்தல் யப்பானில் இளமையிலேயே பழக்கப்படுவது. பரிசுகளை உரிய நாள்வரை திறவாதிருத்தல் அமெரிக்க வழக்கம். இனிப்பை மட்டும் வைத்து அளந்திருந்தால் ஓர் இனத்தார் தன்னடக்கம் மிக்கோர் என்றும், பரிசை மட்டும் வைத்து அளந்திருந்தால் மற்றை இனத்தாரே அத்தகையோர் என்றும் கூறியிருப்போம்.

‘மனிதர்’ எனப்படுவோர் யாவர்?

இக்குறை ஒரு பரிசோதனைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உளவியற் சங்கத்தின் முன்னணி ஆய்விதழ்கள் சிலவற்றை 2003 இலிருந்து 2007 வரை ஆராய்ந்து ஜெஃப்ரி ஆர்னெற் 2008 இல் வெளியிட்ட கட்டுரை, பங்குபற்றியோருள் 96 வீதத்தினர் கைத்தொழில்மயமான மேற்கத்திய நாடுகளைச் சேர்ந்தோர் எனக் காட்டியது. உலக மக்கட்டொகையில் இந்நாடுகளின் பங்கு ஏறத்தாழ 12 வீதம் மட்டுமே. 2010 இல் ஜோசப் ஹென்றிச்சும் இரு சகாக்களும் இதனை மேலும் விரிவாக ஆராய்ந்தனர். மேற்கத்திய, கல்வி கற்ற, கைத்தொழில்மயமான, செல்வமிக்க, சனநாயக சமூகங்களின் மக்கள் மனித இனத்தின் பொது மாதிரியாக அமைவதற்குப் பதிலாக, பல நடத்தைகளில் அதன் ஓர் ஓரத்தில் நிற்கின்றனர் என்பதே அவர்களது வாதமாகும். ‘மனிதர் இவ்வாறு நடப்பர்’ எனப் பாடநூல் கூறும்போது, அம்மனிதர் யாவர் எனக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

எனினும் இதிலிருந்து மறு எல்லைக்குச் சென்று, ஒரு சமூகத்தின் முடிவு எதுவும் மற்றொரு சமூகத்துக்குப் பொருந்தாது எனக் கூறுதலும் தவறாகும். 36 நாடுகளிலும் ஆட்புலங்களிலும் 125 மாதிரிகளைக் கொண்டு 28 உளவியல் விளைவுகளை மீளச் சோதித்த பெருமுயற்சியொன்றின் முடிவுகள் 2018 இல் வெளியாயின. அவற்றுள் ஏறத்தாழப் பாதியே மீளத் தோன்றின. ஆனால் மீளத் தோன்றியவை பெரும்பாலும் பல இடங்களிலும் தோன்றின. தோன்றாதவை பெரும்பாலும் எங்குமே தோன்றவில்லை. அதாவது, சில முடிவுகள் பண்பாட்டு வேறுபாட்டால் வீழ்ந்தவையல்ல; தொடக்கத்திலேயே வலுவற்றவை. ‘எமது பண்பாடு வேறு’ என்பதும் ஆதாரம் வேண்டும் ஒரு கருதுகோளேயன்றி ஆதாரத்துக்குப் பதிலீடன்று.

மேலும், எல்லாப் பரிசோதனைகளும் மாந்தர் அனைவருக்கும் பொதுவான முடிவை நாடுவனவுமல்ல. ஒரு கோட்பாடு கூறுவது நிகழுமா, நிகழாதா எனச் சோதிப்பதே பல பரிசோதனைகளின் நோக்கமென்றும், அவற்றைப் புறவலிதுடைமை இல்லையெனக் குறை கூறுதல் பொருந்தாதென்றும் டக்ளஸ் மூக் 1983 இல் வாதிட்டார். மிஷலின் 1970 ஆம் ஆண்டுப் பரிசோதனை இத்தகையதே. காத்திருப்பு பிள்ளையின் நிலையான இயல்பு என்ற கருத்தைத் தகர்ப்பதற்கு முப்பத்திரண்டு பிள்ளைகள் போதுமானவர்கள். அமெரிக்கப் பிள்ளைகள் அனைவரும் சராசரியாக எத்தனை நிமிடம் காத்திருப்பர் எனக் கூறுவதற்கு அவர்கள் போதாதவர்கள். எதிர்காலத்தை எதிர்வுகூறுவதற்கோ சற்றும் போதாதவர்கள்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறுவது யாதெனில், வலிதுடைமை என்பது பரிசோதனை தன்னகத்தே கொண்டுள்ள ஒரு பண்பன்று. பரிசோதனையிலிருந்து நாம் பெறும் முடிவின் பண்பு. அதே அறை, அதே இனிப்பு, அதே பிள்ளைகள் ஒரு முடிவுக்கு உறுதியான ஆதாரமாகவும் மற்றொரு முடிவுக்கு ஆதாரமற்றனவாகவும் இருத்தல் கூடும். ‘இப்பரிசோதனை வலிதானதா?’ என வினவுவதைவிட, ‘இப்பரிசோதனையைக் கொண்டு இக்கூற்றைக் கூறலாமா?’ என வினவுதலே பொருத்தமாகும்.

எமது பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியர் கலாசாலைகளிலும் உளவியலும் கல்வியியலும் பயில்வோர்க்கு இது சிறப்பாக உரியது. நாம் கற்கும் பரிசோதனைகளுட் பெரும்பாலானவை வேறிடங்களில், வேறு பிள்ளைகளைக் கொண்டு செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே ஏற்பதும், அந்நியமானவை என ஒதுக்குவதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள். எவரை ஆராய்ந்தனர், எவ்வாறு ஒதுக்கினர், எதனை அளந்தனர், எதுவரை கூறினர் என்ற வினாக்களைத் தொடுத்து, இயன்றவிடத்து இங்குள்ள பிள்ளைகளிடையே மீளச் சோதிப்பதே விஞ்ஞான நெறி.

அவ்வாறு செய்யாதபோது நேரும் தவறு வெறும் அறிவுத் தவறாக நின்றுவிடுவதில்லை. மணியை அடித்து இனிப்பைப் பெற்றுக்கொண்ட பிள்ளையின் குறை பிள்ளையினுள்ளே தேடப்படுகின்றது. அதற்கு வாக்களித்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பிய பெரியோரின் குறையும், அத்தகைய பெரியோரை உருவாக்கும் சமூக நிலைமைகளின் குறையும் ஆராயப்படாமற் போகின்றன. பொதுமையாக்கத்தில் எச்சரிக்கை வேண்டுமென நாம் வலியுறுத்துவது இதனாலேயாகும்.